உடனடியாக வரவும்

மகளின் கல்யாணப் பத்திரிகையை எங்கள் பழைய கேன்டீன் மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டும். மனிதர் எந்த ஷிஃப்டில் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்ளலாமே என, நான் வேலை பார்த்த ஆலைக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண் குரல். பவுடர் பூசிய குரல். "வணக்கம். உங்கள் அழைப்பு உடனடியாக இணைக்கப்படும்" என்றது.

எனக்குப் பக்கென்றது. யார் போய்ச் சேர்ந்தது?

அப்புறம்தான் உறைத்தது, பேசியது இயந்திரம். உடனடியாக என்று சொன்ன கையோடு அது ஒரு வீணையை அவிழ்த்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கியது. ஓடிப்போய் அணைத்து, மேடையைத் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்து மறுபடி காதில் வைத்தேன். வீணை இன்னும் வாசித்துக்கொண்டிருந்தது.

இதை நூர்ஜஹானிடம் சொன்னேன். ஒரு காலத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். இப்போது நகரத்தின் தென்கோடியில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், போனில் பேச வரும் இளசுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, இத்த அப்பிடியே எழுதிக் குடு. எங்க பசங்க எதுக்கெடுத்தாலும் 'உடனடியாக, உடனடியாக'ன்னு சொல்லிகினு கீதுங்க. அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு கம்பெனியே நின்னுச்சுன்னா நம்ப மாட்டேங்குதுங்க."

ஆகவே எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லாதவள். நடுநடுவே எழுந்து போய்விட்டு வருவேன், கண்டுகொள்ளாதீர்கள்.

நான் டெலிபோன் ஆபரேட்டர். அதாவது, இருந்தேன். எண்ணூர் நெடுஞ்சாலையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கன்டெய்னர் லாரிகளும் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு இன்ஜினியரிங் ஆலையில். பிறந்தது வியாசர்பாடி. பள்ளிப் படிப்பு, அதற்கு மேல் தட்டச்சு, அதற்கு மேல் டெலிபோன் கோர்ஸ், அதற்கும் மேல் அப்பாவுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்தவர். இத்தனை படி ஏறித்தான் அந்த நாற்காலி கிடைத்தது. ஓரிடத்தில் கால் தரிக்காத பெண்ணை ஹெட்போன் கயிற்றால் கட்டிப்போட்டார்கள். கயிற்றின் நீளம் ஜன்னல் வரை. ஜன்னலுக்கு வெளியே ஆலையின் வாசல் கேட், ஒரு வேப்பமரம், அப்பால் சுவர். நான் கண்ணால் பார்த்த ஆலை அவ்வளவுதான். மீதியைக் காதால் பார்த்தேன். பிரஸ் ஷாப்பில் போனை எடுத்தால் ரயில் ஓடும். பெயின்ட் ஷாப்பில் எடுத்தால் பாம்பு சீறும். ஸ்டோர்ஸில் எடுத்தால் கொட்டாவி. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கிற ஃபோர்ஜ் ஷாப்புக்கு மட்டும் போனே வேண்டியதில்லை. அங்கே ஹேமர் விழும் ஒவ்வொரு முறையும் என் மேசையில் இருக்கும் டம்ளர் தண்ணீரில் ஒரு வட்டம் பிறந்து, விரிந்து, சாகும். நாளெல்லாம் பிறக்கும், நாளெல்லாம் சாகும். ஆலையின் நாடியை நான் தண்ணீரில் பிடித்துப் பார்த்தேன்.

எங்களுக்கு மேலாள் டாரத்தி மிஸ். ராயபுரத்து ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. கத்தரித்த முடி, முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை, தேய்த்த சட்டை. காலையில் வந்ததும் கைக்குட்டையில் இரண்டு சொட்டு கொலோன் விட்டு மைக்கின் வாயைத் துடைப்பார். பிறகு ஹெட்போன்களை. பிறகு, தேவைப்பட்டால், எங்களை. ஆணோ பெண்ணோ, எதிரில் யார் இருந்தாலும் அவருக்கு 'மேன்'தான். ஆனால் அவர் தமிழ் இருக்கிறதே, வானொலியில் செய்தி வாசிக்கிற தமிழ். "வளர்மதி, உன் குரலில் தூக்கம் இருக்கிறது மேன். முகம் கழுவிக்கொண்டு வா" என்பார். எங்கே கற்றாரோ, ஒரு எழுத்து பிசகாது. அவர் முன்னால் நான் 'வூடு' என்று சொல்லவே கூச்சப்பட்டு, வீட்டுக்கே போகாதவள் போல இருந்தேன்.

"நாம் கதவு, மேன்," என்பார். "கதவு திறக்கும், மூடும். கதவு பேசாது."

எங்கள் வேலையில் பாதி போன், பாதி மைக். ஷாப்புகளில் வேலை செய்கிறவர்களுக்கு வெளியிலிருந்து அழைப்பு வந்தால் மைக்கில் கூப்பிடுவோம். ஒவ்வொரு ஷாப்பின் கூரையிலும் ஊமத்தம்பூ மாதிரி ஒரு ஒலிபெருக்கி தொங்கும். அந்த மைக்குக்கு மிஸ் ஒரு இலக்கணம் வைத்திருந்தார். சிவப்பு ஸ்விட்சை அழுத்து. கரகரப்பு அடங்கும்வரை பொறு. பெயர், பிரிவு, டோக்கன் எண். அதையே இன்னொரு முறை. கடைசியில் 'வரவும்'. 'தயவுசெய்து' கிடையாது, 'சார்' கிடையாது, பட்டப்பெயர் கிடையவே கிடையாது. 'வரவும்' என்றால், கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டு வா என்று பொருள். ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கலாம், சொசைட்டியில் கையெழுத்து போட வேண்டியிருக்கலாம். ஆள் டீயைக் குடித்துவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஆடி அசைந்து வருவார்.

'உடனடியாக வரவும்' வேறு. அது வீட்டில் சாவு.

அதற்கு மட்டும் தனி நடைமுறை. மைக்கைத் தொடுவதற்கு முன்னால் அந்த ஷாப்பின் ஃபோர்மேனுக்குப் போன் போக வேண்டும். ஃபோர்மேன் அந்த ஆளின் பக்கத்தில் போய் நின்று, மெஷினை நிறுத்தி, வேறு ஏதோ வேலை பேசுகிற மாதிரி தள்ளி அழைத்து வர வேண்டும். அடுத்து டைம் ஆபீஸில் கேட் பாஸ். அடுத்து வாட்ச்மேனிடம் சொல்லி வாசலில் ஒரு ஆட்டோ. எல்லாம் ஆன பிறகுதான் மைக். நான் சேர்வதற்கு முன்பு எப்போதோ, மைக்கில் கெட்ட சேதியைக் கேட்டுத் திரும்பிப் பார்த்த ஒருவர் தன் விரல்களை பிரஸ்ஸில் விட்டுவிட்டாராம். அன்று மிஸ் போட்ட முறை இது. சாவை அவர் கடைசியில்தான் அனுப்புவார், அதற்கு முன் போகிற வழியைப் பெருக்கி வைத்துவிடுவார்.

அந்தச் சொல் மைக்கில் விழுந்ததும் ஷாப்பில் பேச்சு நின்றுவிடும். கூட்டாளிகள் இரண்டு பேர் சட்டையை மாட்டிக்கொண்டு, பக்கத்துக்கு ஒருவராக அவனோடு கேட் வரை நடப்பார்கள். யாரும் எதையும் கேட்கக் கூடாது. 'செத்துப்போனார்' என்ற வார்த்தையை ஆலைக்குள் யாரும் உச்சரிக்காமலேயே ஒரு மனிதன் வீடு போய்ச் சேர்ந்துவிடுவான். பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்தால் ஆண்கள் கும்பிடுவார்கள். "யம்மா, எங்க பேர மட்டும் அந்த வார்த்தையோட சேத்துடாதம்மா." சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். ஆனால் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாகவே வரும்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம் நூர்ஜஹான் வந்தாள். தண்டையார்பேட்டைப் பெண், கான்ட்ராக்ட் வேலை. முதல் நாளே மைக்கைத் தட்டி "ஹலோ ஹலோ" என்றாள்.

"இது கல்யாண மண்டபம் இல்லை, மேன்."

"தெரியும் மிஸ். கல்யாணம்னா பிரியாணி வாசன வருமே."

மிஸ் கைக்குட்டையை எடுத்து, எதையோ துடைக்கிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் வேலை நேரத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நூர்ஜஹான் ஆலையைக் கேன்டீன் வழியாகப் படித்தாள். வந்த கொஞ்ச நாளில் எல்லாருடைய பட்டப்பெயரும் அவளுக்கு அத்துப்படி. கூஜா, பல்பு, இட்லி, வாத்தியார். எங்கள் பக்கத்தில் அப்பா அம்மா வைக்கிற பெயர் ரேஷன் கார்டோடு சரி. தோஸ்துகள் வைப்பதுதான் சுடுகாடு வரை வரும். மிஸ்ஸுக்கு இது பிடிக்காது. "மனிதனுக்குப் பெயர் இருக்கிறது, டோக்கன் இருக்கிறது. கூஜா எதற்கு?" நூர்ஜஹான் விடமாட்டாள். அவளுக்கு மிஸ்ஸின் இலக்கணத்திலேயே ஒரு கேள்வி இருந்தது.

"சாவுக்கு ஒரு வார்த்த கீது. டீக்கு ஒரு வார்த்த கீது. நடுவுல ஒண்ணியும் இல்லியே மிஸ்? எவன் வூட்லயாவது புள்ள மாடில இருந்து வுழுந்து கால ஒடச்சிகிச்சுன்னா இன்னான்னு கூப்புடுவீங்க?"

"நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்."

நடந்தது. கார்த்திகை மழை. காலை ஷிஃப்ட். மூன்று பேரும் இருந்தோம். நூர்ஜஹானின் போர்டில் ஒரு விளக்கு எரிந்தது. எடுத்தாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்து நானும் அந்த லைனில் காதை வைத்தேன். பொதுத் தொலைபேசியிலிருந்து ஒரு பெண். அழுகையிலேயே போட்ட காசில் பாதி போய்விட்டிருந்தது.

"கொக்கு மாமா கீறாரா? சுத்தி அடிப்பாரே... கொக்கு மாமா... எங்கக்காவுக்கு ஆஸ்பத்திரில பொம்பளப் புள்ள பொறந்துச்சு... அக்காவுக்கு ரத்தம் நிக்கலீங்க... ஓ நெகட்டிவாம், இங்க இல்லியாம், ஆளுங்களக் கூட்டிகினு வெரசா வரச் சொல்லுங்க, அக்கா கண்ணு..."

க்ளிக். காசு முடிந்தது.

"கொக்கு யார்?" என்றார் மிஸ். "பெயர் என்ன? டோக்கன்?"

நான் டைம் ஆபீஸைக் கூப்பிட்டேன். "கொக்குன்னு டோக்கன்ல யாரும் இல்லைம்மா" என்றார்கள். கேன்டீன் மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

"எந்தக் கொக்கும்மா? ஃபோர்ஜ் கொக்கா, பெயின்ட் கொக்கா?"

"சுத்தியாம் அண்ணே. ஃபோர்ஜ்தான். அவர் பேர் என்ன?"

"பேரா?" மேஸ்திரி யோசித்தார். ஒரு உயிர் அங்கே ஒழுகிக்கொண்டிருக்க, அவர் நிஜமாகவே யோசித்தார். "கொக்குதான்மா பேரு."

மிஸ் அதற்குள் ஃபோர்ஜ் ஷாப்புக்கு மணியடித்துக்கொண்டிருந்தார். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. என் டம்ளரில் வட்டம் பிறந்து செத்துக்கொண்டிருந்தது. அந்த இடியில் எந்த ஃபோர்மேன் காதில் மணி விழும்? அட்டெண்டர் தபால் எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தார். ஃபோர்ஜ் ஆலையின் அந்தக் கோடியில். "நான் ஓடுறேன் மிஸ்" என்று எழுந்தேன். ஹெட்போன் கயிறு கழுத்தைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தது. மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.

"மைக்கில் போடுங்க மிஸ்."

"எந்தச் சொல்லைப் போடுவது?" மிஸ்ஸின் விரல் சிவப்பு ஸ்விட்சின் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. "உடனடியாக என்றால் மனைவி இறந்துவிட்டாள் என்று நினைப்பான். கையில் பழுத்த இரும்பு இருக்கும், மேன். பக்கத்தில் ஃபோர்மேன் இல்லை."

"அப்ப 'வரவும்'?"

"டீ குடித்துவிட்டு வருவான்."

இரண்டும் உண்மை. எங்கள் இலக்கணத்தில் உயிரோடு இருக்கிறவர்களுக்காக ஓடி வரச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருஷம் அந்த மைக்கில் பேசியிருக்கிறேன், அந்தப் பள்ளம் என் கண்ணில் பட்டதே இல்லை. மிஸ்ஸும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல் போட்ட கை. மிஸ்ஸின் விரலோடு சேர்த்து ஸ்விட்சை அழுத்தியது. கரகரப்பு அடங்க அவள் பொறுக்கவில்லை.

"மாமோவ்! ஃபோர்ஜ் கொக்கு மாமா! மொதல்ல கையில கீறத கீழ வெய்யி. வெச்சியா? உன் வூட்ல ஒண்ணியும் ஆவல. உன் சம்சாரம் உயிரோட கீது. பொம்பளப் புள்ள பொறந்துகீது, ஷோக்கா கீது. அக்காவுக்கு ரத்தம் வோணும், ஓ நெகட்டிவ். வெரசா கேட்டாண்ட வா. ஓ நெகட்டிவ் கீற அண்ணனுங்கோ, மாமனுங்கோ, யாரா இருந்தாலும் வாங்கோ. மறுக்கா சொல்றேன், யாரும் பூடல! ஒண்ணியும் ஆவல!"

கையை எடுத்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் சும்மா இருந்தது. ஷிஃப்ட் நடுவே அந்தத் தண்ணீர் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஹேமர் நின்ற பிறகுதான் கூரை மேல் இவ்வளவு மழை பெய்துகொண்டிருந்தது கேட்டது.

பிறகு செருப்புச் சத்தம். எங்கள் ஜன்னலுக்கு முன்னால் முதலில் வந்து நின்றது, முகமெல்லாம் பச்சைப் பெயின்ட் தெறித்த ஒரு பொடிசு. மூச்சு வாங்கியது.

"எக்கா, நான் பெயின்ட் கொக்கு. எனக்கு இன்னும் கல்யாணமே ஆவலியேக்கா. யாரு அது, புள்ள பெத்துகினது?"

"டேய், உன்ன யாருடா கூப்டது? ஃபோர்ஜ் கொக்குன்னுதான சொன்னேன்!"

"கொக்குன்னு கேட்டுச்சு, பொறந்துச்சுன்னு கேட்டுச்சு. பேஜாராயி ஓடியாந்துட்டேன்."

அவன் பின்னால் கூட்டம். பிரஸ் ஷாப், மெஷின் ஷாப், ஸ்டோர்ஸ் கூட கொட்டாவியைப் பாதியில் விட்டு வந்திருந்தது. "என் ரத்தம் இன்னா ரகம்னு தெரியாதும்மா, எத்தினி வோணுமோ எடுத்துக்கோ" என்றார் ஒருவர். "உன்து பிராந்தி ரகம்டா, அத்த ஏத்துனா அந்தக்கா பாட ஆரம்பிச்சிடும், தள்ளு" என்றார் இன்னொருவர். முதலுதவி அறை கம்பவுண்டர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, ஓ நெகட்டிவ் என்று தெரிந்தவர்களைப் பொறுக்கிக் கம்பெனி வேனில் ஏற்றினார். அப்போதுதான் ஃபோர்ஜ் கொக்கு வந்தார். ஆறடிக்கு மேல். கொக்கு என்று அவருக்குப் பட்டப்பெயர் வந்த காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஜன்னலுக்குள் தலையை நீட்ட அவர் இடுப்பு வரை மடங்க வேண்டியிருந்தது. கையுறையைக் கழற்றவே இல்லை.

"மெய்யாலுமே உயிரோட கீதா?"

"அல்லா மேல ஆணை மாமா, கீது. ஓடு."

ஓடினார். பெயின்ட் கொக்கும் வேனில் தொற்றிக்கொண்டான். எதற்கு என்று அவனுக்கே தெரியாது. பெயர்ப் பாசமாக இருக்கலாம்.

வேன் போன பிறகு மிஸ் மெதுவாகக் கேட்டார். "உயிரோடு இருக்கிறாள் என்று அந்தப் பெண் சொன்னாளா?"

"ரத்தம் கேட்டாளே மிஸ். போனவங்களுக்கு யாருனா ரத்தம் கேப்பாங்களா?"

"அது அவள் பேசும்போது. காசு முடிந்த பிறகு?"

'அக்கா கண்ணு' என்று அறுந்துபோன அந்த வாக்கியத்தின் மீதி என்ன என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. கண்ணு மூடிட்டாளா, கண்ணு தொறக்கலையா, கண்ணு கலங்குறாளா? தமிழில் எதையும் கடைசியில்தானே சொல்கிறோம். வினை வந்து சேரும்வரை யார் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. அந்த அக்கா மட்டும் இறந்திருந்தால், ஆலை முழுக்கக் கேட்க, அல்லா மேல் ஆணையாக, ஒரு கணவனிடம் நாங்கள் பொய் சொன்னதாக ஆகும். பின்பு எந்த மைக்கில் எது சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். நூர்ஜஹான் துப்பட்டாவின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

மணியடித்தது. மூவரும் துள்ளினோம். பர்சனல் ஆபீஸர், ஊழியர் விவகாரம் பார்க்கிறவர். சத்தம் ஹெட்போனைத் தாண்டி வெளியே கேட்டது.

"மைக்ல பேசினது யாரு? இது என்ன மீன் மார்க்கெட்டா? யாரு அந்தப் பொண்ணு?"

மிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான் சார்."

"நீங்களா? அந்தத் தமிழா? டாரத்தி, உங்களுக்கு அப்படிப் பேசவே வராதே!"

"இன்னாத்துக்கு சார் வராது?" என்றார் டாரத்தி மிஸ். "நான் பொறந்து வளந்தது ராயபுரம். இத்தினி வருசமா கஸ்டப்பட்டு மறச்சு வெச்சிகினு இருந்தேன். இன்னிக்கு அவசரத்துல வெளிய வந்துட்ச்சு."

போனை வைத்தார். நாங்கள் இருவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மிஸ் கைக்குட்டையில் கொலோன் விட்டார். மைக்கைத் துடைப்பார் என்று நினைத்தேன். நூர்ஜஹானின் நெற்றியைத் துடைத்துவிட்டார்.

"இனிமேல் ஸ்விட்சை அழுத்திவிட்டுக் கொஞ்சம் பொறு மேன்," என்றார், பழைய வானொலித் தமிழில். "மாமோவ் என்பது பாதிதான் கேட்டிருக்கும்."

மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் டப்பாவைத் திறக்கவில்லை. மழை விட்டிருந்தது. என் போர்டில் ஒரு விளக்கு. எடுத்தேன்.

"எக்கா, நான் பெயின்ட் கொக்கு பேசறேன். ஒண்ணியும் ஆவல."

ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தினேன். "சொல்லுடா பாவி!"

"அதான் சொல்றேனே, ஒண்ணியும் ஆவலன்னு. ரத்தம் ஏத்திட்டாங்க, நின்னுட்ச்சு. அந்தக்கா கண்ணு முழிச்சு டீ கேக்குது. டாக்டரு தரக் கூடாதுன்னு சண்ட புடிச்சிகினு கீறாரு. பெரிய கொக்கு ஒரு மூலையில குந்திகினு அழுவுறாரு. குட்டிக் கொக்கு அப்பன மாதிரியே நீட்டமா கீது."

நான் திரும்பி அவர்களைப் பார்த்தேன். நூர்ஜஹான் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். டம்ளரில் வட்டம் மறுபடி பிறந்தது. ஃபோர்ஜில் வேறு யாரோ ஹேமரைப் பிடித்திருக்கிறார்கள்.

மறுநாள் மிஸ் இலக்கணத்தைத் திருத்தினார். நடுவில் இருந்த பள்ளத்துக்கு அவர் யோசித்துக் கொண்டுவந்த சொல், 'அனைவரும் நலம், விரைந்து வரவும்.' நூர்ஜஹான், "லெட்டர் மாதிரி கீது மிஸ், கீழ கையெழுத்து வேற போடணும்" என்றாள். கடைசியில் 'ஒண்ணியும் ஆவல' என்பதே நிலைத்தது. பெயர், பிரிவு, டோக்கன், ஒண்ணியும் ஆவல, வரவும். பர்சனல் ஆபீஸர் முதலில் பல்லைக் கடித்தார், பிறகு விட்டுவிட்டார்.

வேடிக்கை அதற்கு அப்புறம்தான். இரண்டு மூன்று வருஷத்தில் அந்தச் சொல்லும் கெட்டுப்போனது. 'ஒண்ணியும் ஆவல' என்று மைக்கில் விழுந்தாலே ஆட்கள் வெளிறிப் போனார்கள். ஒருவர் ஜன்னலில் வந்து நின்று, "யம்மா, மெய்யாலுமே ஒண்ணியும் ஆவலயா, இல்ல மைக்கு சொல்ற ஒண்ணியும் ஆவலயா?" என்று கேட்டார். எந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைத்தாலும் பயம் அதைத் தின்று ஏப்பம் விட்டு, அடுத்ததுக்கு வாயைத் திறக்கிறது. மிஸ் தலைமுறைக்கு ஒரு சொல் வாழ்நாள் முழுக்க வந்தது. நூர்ஜஹான் தலைமுறைக்குச் சில வருஷம். என் மகளுக்கு ஒரு மாதம் கூட வருவதில்லை. அவள் அனுப்புகிற செய்திகளில் சென்ற மாதம் 'சூப்பர்' என்றால் நன்றாக இருக்கிறது, இந்த மாதம் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

அப்புறம் எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் வந்தது. வீட்டுச் சேதி எங்கள் கதவைத் தட்டாமல் நேராக ஹேமருக்குப் பக்கத்திலேயே போய்ச் சேர்ந்தது. எங்கள் போர்டுக்குப் பதில் சுவரில் தானாகவே லைன் இணைக்கிற ஒரு பெட்டி மாட்டினார்கள். விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். எல்லாரும் நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள். கயிற்றை அவிழ்த்துவிட்ட மாட்டுக்கு என்ன அழுகை? அன்று செய்த முதல் காரியம், ஜன்னலுக்கு அப்பால் போனேன். நேராக ஃபோர்ஜ் ஷாப். கொக்கு எனக்கு ஹேமரைக் காட்டினார். "இவ்ளோதானா?" என்றேன். என் டம்ளர் வட்டத்தை வைத்து நான் கட்டியிருந்த ஹேமர் இதைவிட மிகப் பெரியது. கொக்கு புண்பட்டுப் போனார்.

வயது என்ன கற்றுக்கொடுத்தது என்று நூர்ஜஹானிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்களாம். எதை மறைப்பது, எதைச் சொல்வது என்று கற்றுக்கொடுத்திருக்கும் என எதிர்பார்க்கிறார்கள் போல. இல்லை. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன், இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நான் கற்றது வரிசை மட்டும்தான். கேட்கிறவன் எந்த வாக்கியத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறானோ, அதை முதலில் சொல்லிவிடு. கையில் இருப்பதைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டுச் சொல். நூர்ஜஹான் அதை யோசித்துச் செய்யவில்லை. எனக்கு யோசித்து எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

போன வாரம் அவளிடமிருந்து போன்.

"அக்கா, மிஸ்ஸுக்கு ஒண்ணியும் ஆவல..."

எனக்கு ஒரு காலில் செருப்பு ஏறிவிட்டது.

"செருப்பக் கழட்டுக்கா, சத்தம் கேக்குது. பாத்ரூம்ல வழுக்கி கால் பிசகிகிச்சு. மாவுக்கட்டு. அவ்ளோதான். அப்பிடியே பத்திரிகைய எடுத்துகினு வா, பாத்துட்டு வரலாம்."

ராயபுரத்தில் தங்கையோடு இருக்கிறார் மிஸ். கட்டிலில் சாய்ந்து, தேய்த்த சட்டையோடு, கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்திருந்தார். முடி முழுக்க வெள்ளை. பக்கத்தில் கொலோன் பாட்டில். என் மகளின் பத்திரிகையைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "மாப்பிள்ளை பெயரில் ஒரு எழுத்துப் பிழை, மேன்" என்றார். உண்மைதான். அச்சடித்துப் பாதிப் பேருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. ஆலை இயந்திரம் 'உடனடியாக' என்று சொல்லிவிட்டு வீணை வாசித்த கதையைச் சொன்னேன். கட்டில் குலுங்கச் சிரித்தார். கால் வலித்தது, மறுபடி சிரித்தார்.

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். துறைமுகத்துக் கிரேன்களின் தலைகள் மட்டும் கூரைகளுக்கு மேலே தெரிந்தன.

"நூர்ஜஹான், என் விசயம் ஒரு நாள் வரும் இல்ல? அப்ப எல்லாருக்கும் நீதான் போன் பண்ணணும். தங்கச்சிக்குப் பேச வராது, அழுதுடும்."

"இன்னா மிஸ் நீ, நல்ல நாளும் அதுவுமா."

"கேளு மேன். 'உடனடியாக' வேணாம். பதறிப்போயி எவனாவது லாரியில அடிபட்டுக்குவான்."

"அப்ப 'ஒண்ணியும் ஆவல'ன்னு சொல்லவா?" நூர்ஜஹான் வேடிக்கையாகத்தான் கேட்டாள். குரல் அப்படி வரவில்லை.

மிஸ் கைக்குட்டையை மடித்தார். இன்னொரு மடிப்பு மடித்தார்.

"'வரவும்'னு சொல்லு. போதும். கையில கீற வேலைய முடிச்சிட்டு வரட்டும்."

நூர்ஜஹான் எழுந்து, மிஸ்ஸின் காலுக்குக் கீழே நகர்ந்திருந்த தலையணையைச் சரிசெய்தாள். செய்ய வேண்டியதற்கும் அதிக நேரம் செய்தாள்.

"என் வேல என்னிக்கும் முடியாது மிஸ்," என்றாள். "நீ காத்துகினு கெட."